வேலை காலியா என்று கேட்டார்கள்

அன்புள்ள எர்லெண்டுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஈரக்காற்று அடிக்கிற நாளில் முழங்கால் மட்டும் முனகுகிறது. அங்கே உலகத்தின் மறுகோடியில் நீயும் என் மருமகள் மராமாவும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, தெம்பாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே பேனாவை எடுத்தேன். ஞாயிற்றுக்கிழமைதானே போனில் பேசினோம், அப்புறம் எதற்குக் கடிதம் என்று நீ யோசிப்பாய். போனில் நாம் என்ன பேசுகிறோம் சொல். இங்கே காற்று, அங்கே வெயில், இங்கே கப்பல் வரவில்லை, அங்கே ஆடு குட்டி போட்டது, பிறகு நீ சரிம்மா என்பாய், நான் சரிடா என்பேன், வைத்துவிடுவோம். வைத்த பிறகுதான் சொல்ல வந்ததைச் சொல்லவே இல்லை என்பது தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். வரிசையாகப் படி, நடுவில் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே, அது உன் அப்பாவின் புத்தி.

முதலில் டேவி சமாச்சாரம். அவருடைய வலது தோள் போயே போய்விட்டது. கர்க்வால் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு இனிமேல் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். உன் அப்பா காலத்திலிருந்து நம் கராஜில் குனிந்து குனிந்து வேலை செய்த மனிதர், பாவம், அதை என்னிடம் சொல்ல நாலைந்து நாள் தயங்கியிருக்கிறார். கோடை முடியும் வரை ஓட்டுகிறேன், அதற்குள் ஆள் பார்த்துக்கொள் என்றார். ஆள் பார்ப்பது அவ்வளவு சுலபமா? பேப்பரில் விளம்பரம் கொடுத்தேன், இன்டர்நெட்டிலும் போட்டுப் பார்த்தேன். ஒரே ஒருவன் லீட்ஸிலிருந்து வந்தான். கப்பலில் வரும்போதே வாந்தி எடுத்து முகம் வெளிறிப்போய் இறங்கினான், இங்கே சினிமா உண்டா என்று கேட்டான், இல்லை என்றேன், டீகூடக் குடிக்காமல் அதே கப்பலில் திரும்பிவிட்டான். கராஜை மூடினால் என்ன ஆகும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளி வண்டி, தீயணைப்பு வண்டி, டாக்டரம்மா கார், இந்தத் தீவில் இருக்கிற அத்தனை டிராக்டர், எதற்கு ஒரு போல்ட் கழன்றாலும் கடல் தாண்டிக் கொண்டு போக வேண்டும். நானும் அந்தப் பெரிய கொட்டகையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

அப்போதுதான் கர்க்வாலில் பேக்கரி வைத்திருக்கிறாளே தோரா, அவள் வழி சொன்னாள். அவள் போன வருஷம் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு ரொட்டி மாஸ்டரை விசா கொடுத்து வரவழைத்திருக்கிறாள். பெரிய கம்பெனிகள்தான் அதெல்லாம் செய்ய முடியும் என்று நான் நினைத்திருந்தேன், இல்லையாம், நம்மை மாதிரி சின்னக் கடைக்காரர்களும் ஸ்பான்சர் உரிமம் வாங்கலாமாம். கடை நிஜமாகவே நடக்கிற கடை என்று காட்ட வேண்டும், வேலை நிஜமாகவே இருக்கிற வேலை என்று காட்ட வேண்டும், அரசாங்கம் சொல்கிற சம்பளத்துக்குக் குறையக் கூடாது, எல்லாவற்றுக்கும் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும். பொறுப்பாளர் நான். அவருக்குத் துணையாக இருப்பவரும் நான். ஆட்களின் விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் பிரிவு என்று ஒன்று கேட்டிருந்தார்கள், அதுவும் நான்தான், பேப்பர்களைப் போட்டுவைக்கிற பிஸ்கட் டப்பாவோடு. வருகிறவன் சொல்லாமல் கொள்ளாமல் தொடர்ந்து பத்து நாள் வேலைக்கு வரவில்லையென்றால் நான் அரசாங்கத்துக்குத் தகவல் கொடுத்தாக வேண்டுமாம். தோரா அதை விளக்கிச் சொன்னபோது, என் பையன் வராமல் நாலு வருஷம் ஆகிறது, அதை எந்த ஆபீஸில் போய்ச் சொல்வது என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அவள் சிரித்திருப்பாள், எனக்குச் சிரிப்பு வந்திருக்காது.

தோரா வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே ஒரு பையனிடம் பேசினோம். அர்னெல் என்று பெயர், பிலிப்பைன்ஸில் இலோய்லோ என்ற ஊர். அங்கே பஸ் கம்பெனியில் டீசல் வண்டிகளைப் பார்க்கிறான். டேவி பக்கத்தில் உட்கார்ந்து அரைமணி நேரம் கிளட்ச், பம்பு என்று குடைந்து குடைந்து கேட்டார், கடைசியில் என் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார், டேவி தலையை ஆட்டுவது எவ்வளவு அபூர்வம் என்று உனக்குத் தெரியும். எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அந்தப் பையனுக்குப் பின்னாலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். என் வயதுதான் இருக்கும், தலை நன்றாக நரைத்திருந்தது. மகன் காதில் ஏதோ சொன்னாள், அவன் வெட்கப்பட்டுக்கொண்டு, விடுங்கம்மா என்கிற மாதிரி கையைக் காட்டினான். என்னவென்று நான்தான் வற்புறுத்திக் கேட்டேன். அங்கே கூட உட்கார்ந்து சாப்பிட யார் இருக்கிறார்கள், தனியாகத்தான் சாப்பிடுவானா என்று கேட்கிறாளாம். நான் சொன்னேன், "நானும் தனியாத்தான் சாப்பிடுறேன், இவன் வந்தா ரெண்டு பேரா ஆயிடுவோம்னு உங்கம்மாகிட்ட சொல்லுப்பா." அவன் சொன்னான். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரெண்டே வருஷம்தான், திரும்பி வந்துவிடுவான் என்று தெருவில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாளாம், அதையும் அவனே சிரித்தபடி சொன்னான்.

கப்பலில் திரும்பி வரும்போது எனக்கு உன் முதலாளி கெவின் ஞாபகம்தான். நீ போன முதல் கிறிஸ்துமஸுக்கு அவர் எனக்குப் போன் செய்தார், நினைவிருக்கிறதா? எங்கள் மேஜையில் உங்கள் மகனுக்கு ஒரு நாற்காலி உண்டு, கவலைப்படாதீர்கள் என்றார். நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். என் பையனைத் திருடிக்கொண்டு போய்விட்டு நாற்காலி போடுகிறாராம் என்று அன்று முழுக்க மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். அவரும் நம்மைப் போல ஆள் கிடைக்காமல் தவித்த ஒரு சின்னக் கராஜ்காரர்தான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இப்போது நானே இன்னொருத்தி வீட்டில் போய் அதே திருட்டைச் செய்யப் பார்க்கிறேன். அடுத்த முறை அவரைப் பார்க்கும்போது இந்தக் கிழவி சுகம் விசாரித்ததாகச் சொல்.

இனிமேல்தான் விஷயம். விண்ணப்பம் போட்ட பிறகு, கடையை நேரில் பார்க்க ஒரு அதிகாரியை அனுப்பினார்கள். பெட்டிக்ரூ என்று பெயர், கிளாஸ்கோக்காரர், நல்ல மனிதர், காற்றில் தொப்பியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்து நின்றார். பார்லி ரொட்டியும் சீஸும் கொடுத்தேன், ஆட்டுக்கறி சூப்பும் கொடுத்தேன், எல்லாம் சாப்பிட்டார். வாசலில் நிற்கிற வண்டிகளில் எல்லாம் சாவி அப்படியே தொங்குகிறதே, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்களா என்று கவலைப்பட்டார். எடுத்துக்கொண்டு எங்கே போவான், சுற்றிக் கடல்தானே என்றேன். சிரித்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு சுவரில் கொக்கியில் தொங்குகிற உன் நீல வேலை உடுப்பைப் பார்த்தார். துவைத்து மடிப்புக் கலையாமல் தொங்குகிறதே, இது யாருடையது என்று கேட்டார். என் வாயிலிருந்து எப்போதும் வருகிற அதே பதில்தான் வந்தது, "எங்க எர்லெண்டோடது, வந்தா வேணுமில்ல." சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்லிவிட்டேன் என்று புரிந்தது. அதோடு போயிருந்தால் சமாளித்திருப்பேன். அந்த நேரம் பார்த்துத் தோர்ஃபின் கிழவர் உள்ளே வர வேண்டுமா? வந்தவர் அதிகாரியைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டுவிட்டு என்னிடம், "எர்லெண்ட் வந்ததும் மொதல்ல என் டிராக்டரத்தான் தொடணும்னு சொல்லிவை இங்கா, இந்த டேவி செஞ்சது எதுவும் நிக்க மாட்டேங்குது" என்றார். டேவி ஸ்பேனரைக் கீழே போட்டார். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

அது மட்டும் இல்லை. கப்பல் துறையில் இறங்கியதுமே அவர் பள்ளி வண்டி ஓட்டும் பிரெண்டாவிடம் வழி கேட்டிருக்கிறார், அவளும், கராஜுக்கா போகிறீர்கள், இங்காவின் பையன் சீக்கிரம் வந்துவிடுவான், நன்றாகப் பார்த்துக்கொள்வான் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள். தபால் ஆபீஸிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்கள். இங்கே ஒருத்தி ஒரு விஷயத்தை ஆசையாகச் சொன்னால் அதை இல்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அது நம் ஊர்ப் பழக்கம். பெட்டிக்ரூ குரலை உயர்த்தவே இல்லை. "உங்க பையன் இந்த வேலைக்கே திரும்பி வர்றார்னா, இது காலி இடம் இல்லையே மிசஸ் ரெண்டல். காலி இல்லாத இடத்துக்கு நான் எப்படி ஆள் கூப்பிட விடறது?" என்றார். அவன் வர மாட்டான் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டேவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னால் சொல்ல முடியவில்லை எர்லெண்ட். இன்னொரு ரொட்டி வைக்கட்டுமா என்று கேட்டேன்.

முதல் வருஷம் அதைச் சொன்னது நீ. ஒரு வருஷம்மா, உலகத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று கப்பலில் ஏறும்போது சொன்னாய். இரண்டாவது வருஷம் அதை நான் சொன்னேன். அப்புறம் ஊரே என்னிடம் சொல்ல ஆரம்பித்தது, நான் தலையை மட்டும் ஆட்டினேன். நான் ஒன்றும் முட்டாள் இல்லை. மராமா அனுப்பிய போட்டோவில் நீ போட்ட வேலியைப் பார்த்தேன், கம்பங்களை எல்லாம் சிமெண்ட் ஊற்றி நட்டிருக்கிறாய். விட்டுவிட்டு வரப்போகிற நிலத்துக்கு யாரும் சிமெண்ட் ஊற்ற மாட்டார்கள். வேலி நன்றாக இருக்கிறது, நேராகவும் இருக்கிறது. எனக்கு உன்மேல் கோபம் இல்லை. ஆனால் தனியாக இருக்கிறேன். சாயங்காலம் டேவி கதவை இழுத்து மூடிவிட்டுப் போன பிறகு யாரிடமாவது ஏதாவது சொல்ல வேண்டும் போல இருக்கும், ரேடியோக்காரனிடம் சொல்வேன். வருவான் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த நேரம் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான். இதையெல்லாம் போனில் என்னால் சொல்ல முடியாது.

அதனால் உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். பெட்டிக்ரூ அடுத்த மாதக் கடைசி வரை நேரம் கொடுத்திருக்கிறார். உங்கள் மகன் கையால் இரண்டு வரி வந்தால் போதும், அதை வைத்து நான் முடிவு செய்துகொள்கிறேன் என்றார். உண்மையை எழுது. வருவதாக இருந்தால் வருகிறேன் என்று எழுது, அர்னெலுக்கும் அவன் அம்மாவுக்கும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், அதற்காக நீ சங்கடப்பட வேண்டாம். வருவதில்லை என்றால் அதையும் வளைக்காமல் எழுது. பார்க்கலாம், அடுத்த வருஷம் யோசிக்கலாம் என்றெல்லாம் மழுப்பி எழுதினால் அவர் அதை வருவான் என்றுதான் எடுத்துக்கொள்வார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொள்வேன்.

வேறு என்ன. ஜாக்கி வைத்த வண்டிக்கு அடியில் ஸ்டாண்டு போடாமல் படுக்காதே, எவ்வளவு அவசரமாக இருந்தாலும். அங்கே வெயில் தோலை உரிக்கும் என்கிறார்கள், கழுத்தை மூடிக்கொண்டு வேலை செய். மராமாவுக்குக் கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன், கை நீளம் எவ்வளவு என்று கேட்டுச் சொல். நீ போன இடத்தில் நன்றாக இருக்க வேண்டும், உன் கைக்கு வேலையும் உன் வீட்டுக்குச் சிரிப்பும் குறையாமல் இருக்க வேண்டும், உங்கள் இரண்டு பேரையும் கடவுள் கூடவே இருந்து காக்க வேண்டும், அதைத்தான் தினமும் வேண்டிக்கொள்கிறேன். பெட்டிக்ரூவின் விலாசத்தை உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். மறக்காமல், நேராக அவருக்கே அனுப்பு. எனக்கு நகல் எதுவும் வேண்டாம். அர்னெல் கப்பலிலிருந்து இறங்கினால் நான் தெரிந்துகொள்வேன்.

அன்போடு, உன் அம்மா,
இங்கா