ராயப்பன் அண்ணன் உயிரோடுதான் இருக்கிறார்

நவம்பர் 2, 2025 – ஞாயிறு

உயிரோடு இருக்கிற மனுஷனை இன்றைக்குக் காலையில் இறந்தவர் பட்டியலில் சேர்த்து வாசித்துவிட்டேன். மைக்கில். நிறுத்தி, நிதானமாக, குரலில் கொஞ்சம் சோகத்தைக் குழைத்து.

இன்று கல்லறைத் திருநாள். ஒவ்வொரு வீட்டிலும் தங்கள் இறந்தவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். மேலே கொடுக்கிற குடும்பத் தலைவர் பெயர், கீழே போய்ச் சேர்ந்தவர்கள் பெயர். அதை எல்லாம் நீள நோட்டில் ஒரே பட்டியலாக எழுதுவது என் வேலை. ஃபாதர் கல்லறை கல்லறையாகத் தீர்த்தம் தெளித்துக்கொண்டே போவார். நான் பெரிய சிலுவை மேடையில் நின்று பெயர்களை வாசிப்பேன். பதினோரு வருஷமாக நான்தான். சத்துணவுக் கூடத்தில் "வரிசையா நில்லுங்கடா" என்று கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை இது.

நேற்று வேகவைத்த மல்லாட்டையைக் கடலை கடலையாக உரித்துக்கொண்டே எழுதினேன். கண்ணாடி போடவில்லை, போட்டால் வயசு தெரிகிறது. ராயப்பன் அண்ணன் வீட்டுச் சீட்டில் மேலே இருந்தவரையும் கீழே இருந்தவர்களோடு சேர்த்து எழுதியிருக்கிறேன். கடைசிப் பக்கத்தில் "ராயப்பன்" என்று வாசித்துவிட்டு நிமிர்கிறேன், அவர் தன் அம்மா கல்லறை பக்கத்தில் நிற்கிறார்! என்னை ஒரு பார்வை பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விடுவிடுவென்று வெளியே நடந்துவிட்டார்.

அடுத்த நாலு பெயரை எப்படி வாசித்தேன் என்று எனக்கே தெரியாது.

மனசு ஆறாமல் பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியிடம் மட்டும் சொன்னேன். ஒருத்தியிடம் மட்டும்தான்.

நவம்பர் 3

பாஞ்சாலியிடமும், தண்ணீர் வந்தபோது குழாயடியில் நின்ற மூன்று பேரிடமும். கணக்கு சரியாக இருக்கட்டும்.

பள்ளிக்கூடம் விட்டதும் நேராக ராயப்பன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். கொத்தனார் வேலைக்குப் போய்விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். போனதும் அழுதுவிட்டேன். "அண்ணே, உங்கள சாவு லிஸ்ட்ல படிச்சிட்டேன்ணே, மன்னிச்சிடுங்கண்ணே."

"என்னாது? என்னையா?"

ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டார். என்ன பெருந்தன்மை! என் மானத்தைக் காப்பாற்றத்தான் அப்படிக் கேட்கிறார் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் அழுதேன். நடந்ததை முதலிலிருந்து விளக்கிச் சொன்னேன், எந்தக் குரலில் வாசித்தேன் என்பது உட்பட. அவர் மனைவி வேணி அண்ணி புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அழுகையா சிரிப்பா, தெரியவில்லை.

ராயப்பன் அண்ணன் கடைசியில் ஒரே வார்த்தைதான் சொன்னார். "செரி, போ."

செரி என்றால் சரியா?

நவம்பர் 5 – புதன்

சரி இல்லை.

பாஞ்சாலி தன் அக்கா மகளுக்குப் போன் போட்டிருக்கிறாள். அந்தப் பெண்ணைக் கட்டிக் கொடுத்திருப்பது கண்டாச்சிபுரத்தில். ராயப்பன் அண்ணன் மகளைக் கொடுத்திருப்பதும் கண்டாச்சிபுரத்தில். போன வழியில் "ராயப்பன் பேரைச் சாவு லிஸ்ட்டில் படித்தார்கள்" என்பதில் பாதி தேய்ந்து, "ராயப்பன் செத்துட்டாராம்" மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

மத்தியானம் ஒரு ஷேர் ஆட்டோ. உள்ளே ஒன்பது பேர், ஒரு பெரிய ரோஜா மாலை. தெருமுனையிலேயே ஒப்பாரி ஆரம்பமாகிவிட்டது. முன்னால் சம்பந்தி மாசிலாமணி, நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என் சம்பந்தி, என்னை வுட்டுட்டுப் போயிட்டியே"  என்று வாசலில் விழப்போனவர் அப்படியே நின்றுவிட்டாராம். உள்ளே ராயப்பன் அண்ணன் கருவாட்டுக் குழம்பு ஊற்றிக் கேப்பைக் களி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். உருண்டை பாதி வழியில், வாய் திறந்தபடி.

"வாங்க சம்பந்தி. சாப்புடுறீங்களா?" என்று கேட்டாராம்.

நான் இதை நேரில் பார்க்கவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பார்த்தேன்.

மகள் வழியெல்லாம் அழுது முகம் வீங்கி வந்திருக்கிறாள். அவளைப் பார்த்ததும்தான் ராயப்பன் அண்ணனுக்கு உண்மையாகவே கோபம் வந்தது. தெருவில் நின்று சொன்னார்: "செத்தவனுக்குக் கோயில்ல என்னா வேலை? இனிமே அந்தப் பக்கம் தலை வெச்சும் படுக்க மாட்டேன். தேருக்கும் வர மாட்டேன். எவன் உசுரோட இருக்கானோ அவன வுட்டுக் கட்டை போடச் சொல்லு."

தேர் என்றதும் வேலியை விட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

நவம்பர் 6

கதவைச் சாத்தியதற்குக் காரணம்: டிசம்பர் 3 எங்கள் சவேரியார் திருவிழா. தேர் சின்னதுதான், ஆனால் டீக்கடை வளைவில் தெரு சரிவு. அங்கே சக்கரத்துக்கு முன்னால் ஓடி ஓடிக் கட்டை போட்டுத் தேரைத் திருப்புவது ராயப்பன் அண்ணன் ஒருத்தருக்குத்தான் வரும். இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குக் காய்ச்சல். இளவட்டங்கள் கட்டை போட்டார்கள். சவேரியார் நேராகப் பெரியதம்பியின் டீக்கடைக்குள் போய்விட்டார். பாய்லர் தப்பியது, பெஞ்சு போயிற்று.

பெரியதம்பி இன்றைக்கே என்னிடம் கேட்டுவிட்டான். "ஏக்கா, இந்த வருசம் சாமி டீ குடிக்க வருமா?"

நவம்பர் 9 – ஞாயிறு

பூசையில் ராயப்பன் அண்ணன் இல்லை. அவர் வழக்கமாக நிற்கிற தூண் பக்கத்தை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

ஃபாதர் அறிவுச்செல்வன் திண்டிவனம் பக்கத்திலிருந்து புல்லட்டில் வருகிறவர், நல்ல மனுஷன். பூசை முடிந்ததும் கூப்பிட்டார். "ரோஜாம்மா, அறிவிப்பெல்லாம் கொஞ்ச நாளைக்குக் கலைமதி டீச்சர் வாசிக்கட்டுமே?"

கலைமதியா! அந்தப் பெண் வாசித்தால் வாசிக்கிறவளுக்கே தூக்கம் வரும். ஆனால் கண்ணாடி போட்டுக்கொள்கிறாள். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் ஆனந்தராஜ் சொன்னார்: "நீ வாயை மூடினது இதான் ஃபர்ஸ்ட் டைம். தேதி போட்டு எழுதி வை." போட்டாயிற்று.

நவம்பர் 13

அதிரசம் சுட்டு ராயப்பன் அண்ணன் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். தூக்குவாளி அப்படியே திரும்பி வந்தது. கூடவே அவர் சொல்லியனுப்பியது: "படையல் இன்னும் ஒரு வருசம் கழிச்சி வெச்சாப் போதும்."

அதிரசத்தை நானே தின்றேன். துக்கத்தில் ஆறு.

நவம்பர் 16 – ஞாயிறு

இன்றும் வரவில்லை. சாயங்காலம் நானே போனேன். வேணி அண்ணி மட்டும் பேசினார்.

"அவரு மொதல்ல சிரிச்சிக்கினுதான் இருந்தாரு ரோஜா. பொண்ணு அழுதுக்கினு வந்ததுதான் தாங்கல. அதுக்கப்புறம் சித்தாளுங்க எல்லாம் 'மேஸ்திரி, மேல எல்லாம் சௌக்கியமா'ன்னு கேட்டு பேஜாரு பண்ணுதுங்க. செத்தேன்னு மைக்குல சொன்னாங்க இல்ல, உசுரோட இருக்கேன்னும் அதே மாதிரி கோயில்ல சொல்லணும், அப்பதான் வருவேன்னு நிக்கிறாரு."

நியாயம்தானே? ஒரு மனுஷனுக்கு மகள் அழுத முகம் எத்தனை நாள் கண்ணில் நிற்கும். இத்தனை நாளும் என் வாசிப்பு போச்சே, என் மானம் போச்சே என்றே எழுதியிருக்கிறேன். அந்தப் பெண் கண்டாச்சிபுரத்திலிருந்து ஒரு மணி நேரம் அழுதுகொண்டு வந்ததைப் பற்றி ஒரு வரி. சீ.

நவம்பர் 18

ஃபாதரிடம் கேட்டேன். "ராயப்பன் உயிரோட இருக்காருன்னு ஒரு அறிவிப்பு, ஃபாதர். சின்னதா."

"அம்மா, செத்தவர் உயிரோட இருக்கார்னு பீடத்துலேர்ந்து நாம ஒருத்தரப் பத்திதான் சொல்வோம்" என்று கோயில் சிலுவையைக் காட்டினார்.

புல்லட்டை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

நவம்பர் 24 – திங்கள்

கொடியேற்றம். வானம் மூட்டம், கூட்டம் சுமார். கயிறு இழுக்கும்போது நாலு பேர் நாலு விதமாக இழுத்தார்கள். கொடி பாதியில் நின்று யோசித்துவிட்டு மேலே போயிற்று. ராயப்பன் அண்ணன் இருந்திருந்தால் ஒரு அதட்டல் போட்டிருப்பார். பெரியதம்பி இப்போதே பெஞ்சுகளை உள்ளே எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டான்.

நவம்பர் 27

வழி கிடைத்துவிட்டது!

திருவிழாவுக்கு முன் ஒன்பது நாள் நடக்கிற நவநாள் பூசைகளை ஒவ்வொரு நாளும் ஒரு குடும்பம் ஒப்புக்கொடுக்கும். யார், எதற்காக ஒப்புக்கொடுக்கிறார்கள் என்பதைப் பூசைக்கு முன்னால் வாசித்தே ஆகவேண்டும். டிசம்பர் 2 எங்கள் வீட்டுப் பூசை. வழக்கமாக ஆனந்தராஜின் முட்டி வலிக்காகக் கொடுப்போம். இந்த வருஷம் முட்டி காத்திருக்கட்டும்.

பூசை எதற்காக என்று நான் எழுதிக் கொடுத்ததை ஃபாதர் படித்தார். உதடு துடித்தது, சிரிப்பை அடக்குகிறார். "உயிரோட இருக்கிறவருக்காக நன்றிப் பூசை தாராளமா வைக்கலாம். அதை நீங்களே வாசிங்க. கண்ணாடியோட."

டிசம்பர் 2 – செவ்வாய்

கண்ணாடியோடு போனேன். கலைமதி, "சூப்பரா இருக்கு ஆன்ட்டி" என்றாள். ஆன்ட்டி.

தூண் பக்கம் காலி. வேணி அண்ணி மட்டும் முன் வரிசையில். வாசித்தேன்:

"நம் ஊர் ராயப்பன் மேஸ்திரி நல்ல உடல் நலத்தோடும் முழு உயிரோடும் நம் நடுவே வாழ்வதற்காகவும், அவர் மகளின் கண்ணீரைத் துடைத்ததற்காகவும், இறைவனுக்கு நன்றியாக இத்திருப்பலியை ஒப்புக்கொடுப்பவர்கள் ஆனந்தராஜ், ரோஜா. தவறு ரோஜாவுடையது."

கடைசி வரி நோட்டில் இல்லை. தானாக வந்தது.

அப்புறம் பின்னால் வாசல் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"பின்னாடி செரியா கேக்கல. இன்னொரு தபா படிம்மா."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்! பக்கத்தில் கண்டாச்சிபுரத்து மகள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். கோயில் முழுக்கச் சிரிப்பு. ஃபாதர் பீடத்தில் இருக்கிற மெழுகுவர்த்தியை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னொரு தரம் வாசித்தேன். நிறுத்தி, நிதானமாக. குரல்தான் சொன்னபடி கேட்கவில்லை.

டிசம்பர் 3 – புதன்

மழைக்குப் பயந்து தேரைச் சாயங்காலம் நாலு மணிக்கே எடுத்துவிட்டார்கள். டீக்கடை வளைவில் ஊரே மூச்சைப் பிடித்து நின்றது. ராயப்பன் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சக்கரத்துக்கு முன்னால் குந்தி, "இழு, இழு... ஜல்தி... ஓய், நில்லு!" ஒரு கட்டை. இன்னொரு கட்டை. தேர் உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத் திரும்பியது. பெரியதம்பி கண்ணைத் திறந்தான். கைதட்டல்.

என்னைக் கடந்து போகும்போது ராயப்பன் அண்ணன் சொன்னார்: "செத்தவன் போட்ட கட்டை எப்டிம்மா?"

அதிரசம் கேட்டிருக்கிறார். நாளைக்குச் சுட வேண்டும்.

டிசம்பர் 4 – வியாழன்

செல்வகுமார் மைக் செட்டைக் கழற்ற வந்திருந்தான். விக்கிரவாண்டிப் பையன், கல்லறைக்கும் திருவிழாவுக்கும் அவன் செட்டுதான். டீ கொடுத்துக்கொண்டே நடந்த கதையை எல்லாம் சொன்னேன். டீயைக் குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தான்.

"அக்கா, ஒண்ணு சொன்னா திட்டக் கூடாது. அன்னிக்குக் கல்லறையில நீங்க பாதிப் பேரு படிக்கும்போதே கரண்ட் போயிடுச்சு. நீங்க மும்முரமா படிச்சிக்கினு இருந்தீங்க, செத்தவங்க பேருங்க வேற, நடுவுல எப்டி நிறுத்தறதுன்னு வுட்டுட்டேன். கடைசிப் பக்கம் எல்லாம் காத்துல போச்சு. யார் காதுலயும் வுழுந்திருக்காது."

"பொய் சொல்லாதடா. அப்ப ராயப்பண்ணன் ஏன் என்னை முறைச்சிட்டு வெளிய போனாரு?"

"முறைக்கலக்கா. மெழுகுவத்தி ஏத்த வத்திப்பொட்டி இருக்குமான்னு பாத்தாரு. என்கிட்டயும் கேட்டாரு, இல்ல. அதான் கடைக்குப் போனாரு."