சூரிச்சிலிருந்து ஹம்பேர்க், நான்கு இருக்கை

மே 4, திங்கள்

வெயில். கச்சான் காற்று தொடங்கிவிட்டது. முற்றத்து மண் முழுக்கக் குசினிக்குள். காலையில் கோதுமைக் கப்பல் ஒன்று உள்ளே வந்தது. முன்கயிறு, பின்கயிறு எல்லாம் போட்டு முடிய மத்தியானம். உள்ளங்கைக் கொப்புளம் திரும்பவும் உடைந்தது.

வீட்டுக்கு வந்தால் விசா வந்திருக்கிறது. பிள்ளைகள் இரண்டும் சேர்த்து நான்கு பேருக்கும். மனைவி மாலதி கடவுச்சீட்டுகளைச் சாமி அறையில் வைத்துவிட்டு நிமிடத்துக்கு ஒருதரம் போய்ப் பார்க்கிறாள். எலி கொண்டுபோய்விடுமாம்.

உலகத்துக் கப்பல்களுக்கெல்லாம் இந்தத் துறைமுகத்தில் கயிறு கட்டியிருக்கிறேன். கடல் தாண்டினதில்லை. பின்பக்கத்தில் 'ஹம்பேர்க்' என்று எழுதின கப்பல்கள் எத்தனையோ வந்தன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அது கப்பல் முதலாளியின் பெயர் என்று நினைத்திருந்தேன். ஊர் என்று மாலதி சொல்லித்தான் தெரியும். அவளுடைய அண்ணன் ரவி மச்சான் அங்கேதான்.

திட்டம்:
ஜூன் 18 வியாழன், சூரிச். என் தங்கை சுகந்தி வீடு. ஸ்பொன்சர் அவள்தான்.
20 சனி, ரயிலில் ஹம்பேர்க்.
பிறகு திரும்பவும் சுகந்தி வீடு.
மீதி அவள் சொல்கிறபடி.

ஏன் சனி என்றால், மச்சானுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்தம் செய்கிறார்கள். சனிக்கிழமைதான் கொஞ்சம் மனுசனாக இருப்பாராம். சண்டைக் காலத்தில் அவர் ஊரை விட்டுப் போகும்போது மாலதிக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு நேரில் பார்த்ததே இல்லை. இந்தச் சிறுநீரக வருத்தம் வந்ததிலிருந்து வீடியோவிலும் வருவதில்லை, குரல் மட்டும்தான்.

விசா வந்ததை மாலதி போனில் சொன்னாள். மச்சான் சொன்னது: "அவ்வளவு தூரம் ஏன் அலையிறியள். சுவிசிலை பிள்ளையளோடை சந்தோசமாய் நிண்டுட்டுப் போங்கோவன். போனிலை கதைக்கிறம்தானே."

"ஓம் அண்ணா" என்று வைத்தாள். வைத்துவிட்டு என்னிடம், "நீங்கள் ரிக்கற்றைப் போடுங்கோ" என்றாள்.

மே 6, புதன்

காற்று. கப்பல் இல்லை. நேரத்துக்கு வீடு. பஸ் நிலையத்தடியில், ஊருக்குள் திரிகிற மான் ஒன்று ஒரு பெண்ணின் பையிலிருந்து கீரைக்கட்டை இழுத்துக்கொண்டு போனது. அவள் திட்டவும் இல்லை.

சுகந்தி ரயில் டிக்கட் போடும் செயலியை அனுப்பியிருந்தாள். கதிரையை வாசலில் போட்டுக்கொண்டு இருந்து பார்த்தேன். எழுதி வைக்க வேண்டும் போலிருக்கிறது.

இங்கே இருந்துகொண்டு சூரிச் என்று அடித்தால் வருகிறது. ஹம்பேர்க் என்று அடித்தால் வருகிறது. ஜூன் மாதத்து ரயில் எல்லாம் வரிசையாக. எங்களுக்குக் கொழும்பு ரயிலே இன்றைக்கு ஓடுமோ என்று ஸ்டேசனுக்குப் போய்த்தான் கேட்க வேண்டும். இது இன்னும் ஓடாத ரயில், அதன் வயிற்றுக்குள் படம் காட்டுகிறான். யன்னல் எது, மேசை எது, கக்கூஸ் எந்தப் பக்கம் எல்லாம். ஒரு மேசைக்கு இரண்டு பக்கமும் இரண்டு இரண்டு இருக்கை; நாங்கள் நான்கு பேரும் முகம் பார்த்து இருக்கலாம். காலி இருக்கைகளைக் காட்டும் வெள்ளைக் கட்டங்களை விரலால் தொடவே ஒரு மாதிரியாக இருந்தது.

பிள்ளைகளுக்குத் தனிக் கட்டணம் இல்லையாம். நம்பாமல் இரண்டு தரம் கேட்டேன்.

பிறகு கேட்டேன்: "சுவிசிலை இருந்து ஜேர்மனிக்குள்ளை போகேக்கை எல்லையிலை இறங்கி நடக்கோணுமோ?"

சுகந்தி சிரித்தாள். "இல்லை அண்ணா. சில நேரம் பொலிஸ் ஏறி ஒரு பார்வை பாக்கும், மற்றும்படி எல்லை வந்தது போனது தெரியாது." பிறகு சிரிப்பை நிற்பாட்டிவிட்டாள். அவளும் சண்டைக் காலத்தில் இங்கே சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறங்கி, பையைத் திறந்து காட்டி, வரிசையில் நடந்து, அந்தப் பக்கம் ஏறினவள்தானே. பக்கத்து ஊருக்குப் போக. அங்கே ஒரு நாடு முடிந்து இன்னொரு நாடு தொடங்குகிறது, ஆட்கள் தங்கள் பாட்டுக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டு போகிறார்களாம். எனக்கு இதை நினைக்க நினைக்கத் தலை சுற்றுகிறது.

இன்னொன்று. ஸ்டேசன் மேடையில் A, B, C என்று எழுத்துப் பலகை தொங்குமாம். எத்தனையாம் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று முதலே சொல்லிவிடுவார்களாம். கூட்டிப்போக வருகிறவன் ஓடித் திரிய வேண்டியதில்லை, அந்த எழுத்தடியில் நின்றால் போதும். நாங்கள் கப்பலைத் துறையில் கட்டும்போதுகூட ஒரு முழம் அங்கே இங்கே போகும்.

மே 8, வெள்ளி

எட்டு மணிவரை மழை மூட்டம், பிறகு வெயில் எறித்தது. மா. (மாலதி) விரதம், நானும் விரதம் (வேறு வழியில்லை).

பிரச்சினை வந்துவிட்டது. சனிக்கிழமை நேரே போகிற ரயில்களில் நான்கு இருக்கை சேர்ந்து உள்ளது ஒன்றில் மட்டும். காலை பத்து மணிக்கு வெளிக்கிடுகிறது. விடியப்புற ரயிலில் ஆளுக்கொரு மூலை. பிந்தினதில் ஏறினால் நடுவில் மாற வேண்டும், போய்ச் சேர நடுச்சாமம்.

மா. சுவரில் இருந்த கலண்டரைக் கழற்றிக்கொண்டே வந்தாள். சனி இராகு காலம் ஒன்பதிலிருந்து பத்தரை.

நான் சொன்னேன்: "அங்கை பத்து மணி எண்டால் எங்களுக்கு ஒண்டரை. எங்கடை நேரத்துக்கு இராகு போயிட்டார்."

"இராகு என்ன, எங்கடை வீட்டு மணிக்கூடு பாத்தே வாறவர்?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். வேறு நாள் என்றால் இராகுவாவது கேதுவாவது, ஏறடி என்று சொல்லியிருப்பேன். இதில் சொல்ல முடியாது. காரணம் மாமி, மாலதியின் அம்மா.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கூடாத நேரத்தில் வெளிக்கிட வேண்டி வந்தால், அதற்கு முதல் நல்ல நேரத்தில் பெட்டியைக் கொண்டுபோய் அயல் வீட்டில் வைத்துவிடுவது. பயணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. போகும் வழியில் எடுத்துக்கொண்டு போகலாம். ரவி மச்சான் போன அன்று மாமி அப்படித்தான் செய்தவ. விடியவே பெட்டியை முன்வீட்டு ஹலீமா ராத்தாவிடம் கொடுத்தாயிற்று. ஆனால் வெளிக்கிடும் நேரத்தில் வீட்டு முன் ஒழுங்கையில் ஆமிச் சோதனை. வான் பின்பக்கத்தால் வந்தது. மச்சான் வெறுங்கையோடு ஏறிப் போய்விட்டார், இராகு காலத்தில். "பெட்டி ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம்" என்று மாமி கண் மூடும்வரை சொல்லிக்கொண்டிருந்தவ. அவன் திரும்பி வராததற்கு அதுதான் காரணமென்று.

மா. அதை நம்புகிறாளா என்று எனக்குத் தெரியாது. ஆனால் இந்த ஒரு பயணத்தில் அவள் பிழை விடமாட்டாள். விட்டுப் பிறகு அண்ணனைக் காணாமல் திரும்பினால், என்னையும் மன்னிக்கமாட்டாள், தன்னையும் மன்னிக்கமாட்டாள்.

மே 10, ஞாயிறு

கோயில். ஐயர் பூசை முடித்துப் படியில் இருந்து விசிறிக்கொண்டிருந்தார். மா. விசயத்தைச் சொன்னாள்.

ஐயர்: "கலண்டரிலை போட்டிருக்கிறது எங்களுக்கு, பிள்ளை. இராகு காலம் சூரியனைப் பிடிச்சுத்தான். பகலை எட்டாய்ப் பிரிக்கோணும், சனிக்கிழமைக்கு மூண்டாவது பங்கு. அங்கை சூரியன் எத்தினைக்கு வருது, எத்தினைக்குப் போகுது?"

சுகந்தியைப் போனில் கூப்பிட்டேன். ஜூனில் காலை ஐந்தரைக்கு உதிக்குமாம். மறைவது இரவு ஒன்பதரைக்கு.

"இரவு ஒன்பதரைக்கோ?" ஐயர் விசிறியை நிற்பாட்டிவிட்டார்.

ஓம். பிள்ளைகள் வெளியில் பந்தடிப்பார்களாம். இங்கே ஆறரைக்கு விளக்குக் கொளுத்திவிடுவோம். ஒரே சூரியன்தான், இங்கே அரைநாள் வேலை, அங்கே இரட்டை வேலை. இவ்வளவு வயதுக்கு எனக்கு இது தெரியவில்லை என்பது வெட்கமாக இல்லை, சந்தோசமாக இருந்தது.

ஐயர் விரலில் எண்ணினார். பதினாறு மணித்தியாலப் பகல். ஒரு பங்கு இரண்டு மணித்தியாலம். மூன்றாம் பங்கு ஒன்பதரையிலிருந்து பதினொன்றரை.

"அங்கை இராகுவுக்கும் ஓவர்ரைமோ ஐயா" என்றேன். ஐயர் சிரித்தார். மா. சிரிக்கவில்லை. எந்தக் கணக்கில் பார்த்தாலும் பத்து மணி உள்ளே.

மே 12, செவ்வாய்

இரண்டு கப்பல். உடம்பு அடித்துப் போட்டதுபோல.

படத்தில் வெள்ளைக் கட்டங்கள் குறைகின்றன. யாரோ எங்கேயோ இருந்து தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் மேசை இன்னும் இருக்கிறது. சாப்பிட முதல் ஒருதரம், சாப்பிட்ட பிறகு ஒருதரம் பார்த்தேன்.

அயல் வீட்டில் பெட்டி வைக்கிறதைப் பற்றிச் சுகந்தியிடம் கேட்டேன். "அண்ணா, பக்கத்து வீட்டிலை ஆர் இருக்கினம் எண்டே எனக்குத் தெரியாது. கதவடியிலை பெட்டியைக் கண்டால் பொலிசுக்குப் போன் அடிச்சுப் போடுவினம்."

பிறகு அவளே யோசித்துச் சொன்னாள். ஸ்டேசனில் சாமான் வைக்கிற லொக்கர் இருக்கிறதாம். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இரும்புக் கதவு. காலை எட்டு மணிக்கே ஒரு பெட்டியைக் கொண்டுபோய் அதற்குள் வைத்துவிட்டு, அவள் வீட்டுக்குத் திரும்பித் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். ஸ்டேசன் நடக்கிற தூரம்தான்.

மாலதியிடம் சொன்னேன். அவள் கேட்டாள்: "அதுக்குக் கதவு இருக்கோ?"

"ஓம். பூட்டும் துறப்பும் இருக்கு."

"அப்ப அதுகும் ஒரு வீடுதான்."

அப்பாடா. ஆனால் டிக்கட்டைப் போடு என்று இன்னும் சொல்லவில்லை. பின்னேரம் மச்சான் தானாகவே கூப்பிட்டார். "எனக்கு ஏலாது பிள்ளை. நீ நினைக்கிற ஆள் இல்லை நான் இப்ப. பாத்தால் உனக்குத்தான் கவலை." அவள் குசினிக்குள் போய்த் தேங்காய் துருவத் தொடங்கினாள். இரவுக்குக் கடைப் பாண்தான் என்று முதலே சொல்லியிருந்தாள், தேங்காய்க்கு வேலை இல்லை.

மே 13, புதன்

காற்று இல்லை. புழுக்கம். மச்சானுக்கு இன்று ஆஸ்பத்திரி நாள்.

வேலையால் வர, முன்வீட்டு ஹலீமா ராத்தா எங்கள் வீட்டு விறாந்தையில். மா. பயணம் சொல்லப் போயிருக்கிறாள். ராத்தா இவளோடு திரும்பி வந்திருக்கிறா. கதிரையில் இருக்கவில்லை. நின்றபடி, இடுப்பில் பிள்ளை வைத்திருப்பதுபோல ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு. சின்னது, மண்ணிறம், மூலையெல்லாம் உரிந்தது, தும்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டினது.

ராத்தா சொன்னா: "ஒங்கட அம்மா இத என்ட கையில தந்து, அவன் வந்து எடுப்பான், அவனிட்ட மட்டும் குடு எண்டு சொன்னவ. பொறகு அவவும் திருப்பிக் கேக்கல்ல. வெச்ச பெட்டிய திரும்ப வீட்டுக்குள்ள எடுத்தா பயணம் மறிபட்டுப் போகும் எண்டு சொல்லுவா. நாங்க சண்டைக்குப் பயந்து கிண்ணியாவுக்கு ஓடக்கயும் கொண்டு போனம். திரும்பி வரக்கயும் கொண்டு வந்தம்."

பெட்டி எப்போதோ தொலைந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். முன்வீடு. முப்பது அடி தூரம்.

"பெட்டிய எடுக்காத மட்டும் அவன் இன்னும் வெளிக்கிடல்ல எண்டுதான் என்ட கணக்கு" என்றா ராத்தா. "தங்கச்சிர கையும் அவன்ட கைதானே" என்று நீட்டினா. மாலதி வாங்கினதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

உள்ளே உடுப்புத்தானாம், வேறொன்றும் இல்லையாம். நான் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். கயிறு கட்டிச் சாப்பிடுகிறவன் நான். மாமி போட்ட முடிச்சு ஒரு நூல் இளகவில்லை. எங்கள் வாசலில் எத்தனை தரம் ஊர் எழும்பி ஓடியிருக்கிறது, இந்த முடிச்சு அவிழவில்லை. எனக்கும் கண் கலங்கிப் போனது, மறைக்கவில்லை.

விமான நிலையத்தில் அவிழ்க்கச் சொல்வான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

ராத்தா போன பிறகு மா. பெட்டியை வாசல் பக்கமாக, வீட்டுக்குள்ளே கொண்டுவராமல் விறாந்தையில் வைத்தாள். "லொக்கருக்குள்ளை இதைத்தான் வைக்கிறது" என்றாள். பிறகு: "ரிக்கற்றைப் போடுங்கோ."

மே 14, வியாழன்

மழை வரும் போல. வரவில்லை.

டிக்கட் போட்டாயிற்று. சுகந்தி போனில் நின்றபடி தன் வங்கிக் காட் இலக்கத்தை வாசித்தாள், நான் அடித்தேன். ஒவ்வொரு இலக்கத்தையும் இரண்டு தரம் சரிபார்த்தேன், பெரிய கப்பலின் முதல் கயிற்றைப் பிடிக்கும்போதுகூட இவ்வளவு கவனம் இல்லை. கடைசிப் பொத்தானை மா. தொட்டாள், நல்ல நேரம் பார்த்துத்தான். ஒரு வட்டம் சுற்றிற்று. பிறகு நான்கு பேருடைய பெயரும், பெட்டி, இருக்கை, எல்லாம் ஒரே தாளில். நாங்கள் தொட்ட நான்கு கட்டமும் சாம்பல் நிறமாகிவிட்டன. அந்த நாட்டில் இப்போது யாராவது பார்த்தால், அந்த மேசை பிடிபட்டுவிட்டது என்று அவர்களுக்குத் தெரியும். பிடித்தது நாங்கள். இன்னும் நம்ப முடியவில்லை.

பின்னேரம் மாலதி அண்ணனுக்கு எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். டிக்கட் போட்டதைச் சொன்னாள்.

"அண்ணா, ஹலீமா ராத்தாட்டை உன்ரை பெட்டி இருந்தது. கொண்டு வாறன்."

லைன் போய்விட்டதோ என்று நான் போனைப் பார்த்தேன், போகவில்லை. மூச்சுக் கேட்டது. பிறகு இருமல். பிறகு:

"எத்தினையாம் பெட்டி?"

"ஒண்டுதான் அண்ணா. அம்மா கட்டின கயிறும் அப்பிடியே கிடக்கு."

"அதில்லையடி. ரயில்ப் பெட்டியைக் கேக்கிறன். சொன்னால்தானே நான் வந்து அந்த எழுத்தடியிலை நிக்கலாம்."

மா. வாயைப் பொத்திக்கொண்டு போனை என்னிடம் நீட்டினாள். தாளைத் தேடி எடுத்து வாசித்தேன். ஏழு, மச்சான். ஏழாம் பெட்டி.