ஐந்தாவது பாட்டு

மாப்ள,

இன்று காலை மாம்பழச் சாலை சிக்னலில் நின்றபோது என் போன் தானாகக் காரின் ப்ளூடூத்தோடு சேர்ந்துகொண்டு, நம் வெள்ளைக்காரக் கிழவர்களின் புது ஆல்பத்தை விட்ட இடத்திலிருந்து பாட ஆரம்பித்துவிட்டது. விட்ட இடம் எதுவென்று உனக்குத் தெரியும். நாலு பாட்டு முடிந்து ஐந்தாவது. பின் சீட்டில் உன் மல்லிகா இருந்தாள். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டில் ரெண்டு நாள் தங்கிவிட்டு எடமலைப்பட்டி புதூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். நான் அடித்துப் பிடித்துக்கொண்டு பாட்டை நிறுத்தினேன்.

"அவரு பாட்டாண்ணே அது? ஓடட்டுமே, ஏன் நிறுத்துறீங்க?" என்றாள். தகரக் கடையில் பூனை புகுந்த சத்தம் என்று கல்யாணமான நாளிலிருந்து அந்த பேண்டைத் திட்டியவள் கேட்கிறாள். "போன் வருதும்மா" என்றேன். போன் எதுவும் வரவில்லை.

துவாக்குடி ஹாஸ்டலில் ஒரு சீனியர் அந்த கேசட்டைப் போட்டது நினைவிருக்கிறதா? ஒரு பாட்டே கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடியது. நடுவில் பாட்டை மறந்துவிட்டு எங்கெங்கோ போய் வந்தார்கள். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். லால்குடியிலிருந்து வந்த நீயும் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த நானும் மட்டும் மிஞ்சினோம். "தாளம் தப்புதே, இவனுங்க குடிச்சிருக்கானுங்களா?" என்று கேட்டாய். அம்மாவின் பிடிவாதத்தில் மிருதங்கம் கற்று, ஒரு கச்சேரிக்கும் உதவாமல் போன என் கை அன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்கு உதவியது. "தப்பலடா, இது ஏழு. மிஸ்ர சாபு. தகிட தகதிமி" என்று சொன்னேன். நீ உள்ளங்கையை நீட்டி, "இதுல தட்டு" என்றாய்.

அதோடு உனக்குப் பைத்தியம் பிடித்தது. பஸ் கம்பியில் தட்டினாய், மெஸ் தட்டில் தட்டினாய். "தம்பி, சோறு வந்துக்கிட்டே இருக்கு, தட்டை உடைச்சிறாதீங்க" என்று மெஸ் அண்ணன் கும்பிட்டார். அவர்களின் ஆங்கிலப் பெயர் நம் வாயில் நுழையவில்லை. ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் கோபித்துக்கொண்டு போய்த் திரும்பி வரும் கீபோர்டுகாரர் நமக்குச் சித்தப்பா. சிரிக்காமல் பேஸ் கிதார் வாசிப்பவர் கணக்குப்பிள்ளை. பாடுகிறவர் மட்டும் பாகவதர். புது ஆல்பம் வந்தால் ஒருவன் தனியாகக் கேட்கக் கூடாது என்பது சட்டம். நீ புனேயில் வேலை பார்த்த காலத்தில்கூட, போனில் ஒன்று ரெண்டு மூணு சொல்லி ஒரே நேரத்தில் பட்டனை அமுக்கினோம். எஸ்டிடி பில்லுக்கு என் அப்பா போட்ட சத்தம் அந்த ஆல்பத்தைவிட நீளம்.

அப்புறம் பல வருடம் ஒன்றும் வரவில்லை. டிரம்ஸ் வாசித்தவர் போய்ச் சேர்ந்தார். பாகவதருக்கு எழுபது தாண்டியது. அவ்வளவுதான் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நீ மட்டும் துவாக்குடியில் உன் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, "போடுவாங்கடா. மூச்சு இருக்கிறவன் சும்மா இருக்க மாட்டான்" என்பாய். நீ சொன்ன மாதிரியே அறிவிப்பும் வந்தது. ஆனால் அதற்கு முந்தைய மாதம்தான் உனக்குப் புற்றுநோய் என்று சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் ஒளிக்கவில்லை. இந்த மருந்து காதைப் பாதிக்கலாம், இல்லையென்றால் வேறு மருந்து, அது இவ்வளவு வேலை செய்யாது என்றார். நீ என்னைப் பார்த்தாய். மல்லிகா முந்திக்கொண்டு, "காது போனா போவுதுங்க. ஆள் இருந்தா போதும்" என்றாள். வேறு என்ன சொல்ல முடியும்? மருந்து காதை வாங்கிக்கொண்டது. ஆளையும் விடவில்லை. யாரிடம் போய் நியாயம் கேட்பது?

ஆல்பம் வந்த அன்றைக்கு உன் காதில் ஒரு இரைச்சலைத் தவிர எதுவும் இல்லை. மெஷின் வைத்துப் பார்த்தோம். இரைச்சல்தான் பெரிதானது. மத்தியானம் ஆஸ்பத்திரி அறையில் நான் பாட்டைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். நீதான், "வந்துருச்சுல்ல? போடு" என்று கத்தினாய். காது போனதிலிருந்து நீ கத்தித்தான் பேசினாய். நான் இயர்போனை மாட்டிக்கொண்டேன். நீ உள்ளங்கையை நீட்டினாய்.

முதல் பாட்டின் தாளம் ஐந்து. ரெண்டாவது ஏழு. தட்டிக்கொண்டே போனேன். "சித்தப்பா வந்துட்டாரா?" என்று நீ கத்த, நர்ஸ் எட்டிப் பார்த்து, "யாருங்க சித்தப்பா? ஒரு அட்டெண்டருக்குத்தான் அனுமதி" என்றாள். மூன்றாவதில் நீ சட்டென்று கையை இழுத்துக்கொண்டாய்.

"ஒண்ணை முழுங்கிட்ட மாப்ள."

நான் முழுங்கவில்லை. பின்னால் தள்ளி மறுபடியும் கேட்டேன். ஏழு ஏழாகப் போய்க்கொண்டிருந்தவர்கள் அந்த இடத்தில் வேண்டுமென்றே ஆறு வைத்துக் காலை வாரியிருந்தார்கள். 'நான் இல்லை, அவர்கள்தான்' என்று போனில் டைப் செய்து காட்டினேன். நீ சிரித்தாயே, அந்தச் சிரிப்பை மல்லிகா வராந்தாவிலிருந்து கேட்டு ஓடி வந்தாள். "திருட்டுக் கிழவனுங்க! திருந்தவே இல்ல பாரு!" என்றாய். காது கேட்கிற எனக்குப் பிடிபடாதது உனக்குப் பிடிபட்டது. அந்த ஒரு நிமிஷம் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் முட்டாள்தனமாக நம்பினேன்.

பிறகு, "பாகவதர் குரல் எப்படிடா இருக்கு?" என்று கேட்டாய்.

அதை எப்படித் தட்டிக் காட்டுவது? டைப் செய்தேன், அழித்தேன், மறுபடி செய்தேன். மேலே போகாத குரல். விளிம்பில் நடுங்கியது. ஆனாலும் முன்பு இல்லாத ஏதோ ஒன்று அதில் இருந்தது. கடைசியில், 'இறக்கிப் பாடுகிறார்' என்று மட்டும் காட்டினேன். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். "பாடுறாருல்ல" என்றாய். எனக்கு எழுந்து வெளியே போய்விடலாம் போல இருந்தது.

நாலாவது முடிந்ததும் உனக்குக் கண் செருகியது. "கடைசிப் பாட்டு பெரிசு. அரைத் தூக்கத்துல கேக்கக் கூடாது. நாளைக்கு வா" என்றாய். வந்தேன். உன்னை ஐசியூவுக்கு மாற்றியிருந்தார்கள். உன் ரெண்டு கையிலும் ஊசியும் பிளாஸ்திரியும். தட்ட இடமில்லை. உன் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நேரமாகிவிட்டது என்று வெளியே அனுப்பினார்கள். அதற்குப் பிறகு உன்னைப் பார்த்தது ஓயாமரி சுடுகாட்டில்தான்.

அந்த ஐந்தாவது பாட்டை நான் கேட்கவில்லை. சட்டம் சட்டம்தானே. ஆனால் இன்றைக்கு நான் நிறுத்துவதற்குள் அதன் ஆரம்பம் காதில் விழுந்துவிட்டது. டிரம்ஸ் இல்லை மாப்ள. கீபோர்டும் இல்லை. பாகவதர் குரல் மட்டும் தனியாக, எந்தக் கணக்கிலும் அடங்காமல். மறுநாள் நீ விழித்திருந்து கையை நீட்டியிருந்தாலும் நான் எதைத் தட்டியிருப்பேன்?

மல்லிகாவை வீட்டில் இறக்கிவிட்டேன். "சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றாள். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தெருமுனைப் புங்கமரத்தடியில் வண்டியை நிறுத்தினேன். ஒலியை அடியோடு குறைத்துவிட்டு ஐந்தாவது பாட்டை ஓடவிட்டேன். திரையில் சின்னக் கோடு மெதுவாக நகர்ந்தது. ஸ்டியரிங்கில் தட்டப் போன விரல், என்ன கணக்கு என்று தெரியாமல் நின்றது. ஒரு ஆட்டோ போனது, தண்ணீர் லாரி போனது. கோடு கடைசிவரை போய்ச் சேர்ந்தது.

உனக்கு எவ்வளவு கேட்டிருக்குமோ, எனக்கும் அவ்வளவுதான் கேட்டது.