ஸ்பிரிங் தாங்கியதா என்று கேட்டாயே

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும், அந்த வேண்டுதலில் குறை வைக்கவில்லை. ஆனால் இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. உன் அக்காவின் வலது கை மாவுக்கட்டில் இருக்கிறது, உன் அப்பாவோடு நான் பேசுவதில்லை, உன்னோடும் போனில் பேசுவதாக இல்லை. போனில் என்றால் நீ நடுவில் புகுந்து "அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளேன்" என்பாய். கடிதத்தில் அந்த வசதி உனக்குக் கிடையாது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். உட்கார்ந்து கடைசி வரை படி.

நான் என் தங்கைக்கு ஆபரேஷன் என்று துணைக்குப் போயிருந்தேனே, அந்த வாரம் பார்த்து நீயும் உன் அப்பாவும் சேர்ந்து என் வண்டியில் கை வைத்தீர்கள். என் வண்டி, திருப்பிச் சொல்கிறேன், என் வண்டி. டிரைவிங் ஸ்கூல் ஆரம்பித்தபோது நான் வாங்கிய முதல் கார், இந்த ஊரில் பாதிப்பேர் கிளட்ச் மிதிக்கக் கற்றுக்கொண்டது அதில்தான். ஓய்வு பெற்ற பிறகு எஞ்சினைப் பிரித்து, கியர்பாக்ஸைப் பிரித்து, தரைத் தகடு துருவெல்லாம் சுரண்டி, ஒவ்வொரு போல்ட்டாக என் கையால் முடுக்கியிருக்கிறேன். பின்பக்கம் மட்டும் பழைய மாதிரியே இருந்தது, இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய அந்தக் காலத்து ஸ்பிரிங். பள்ளத்தில் விழுந்தால் முதுகை ஒடிக்கிறது என்று உன்னிடம் புலம்பினேன், வாஸ்தவம். அம்மா புலம்பினால் பிள்ளைகள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும். நீ அங்கிருந்து பார்சல் கட்டி அனுப்பியிருக்கிறாய். சுருள் ஸ்பிரிங், குலுக்கலை அடக்குகிற ஷாக் அப்சார்பர், தாங்குகிற கம்பிகள், எல்லாம் பின் சக்கரங்களை இணைக்கிற ஆக்சிலுக்கு. உன் கார் கம்பெனியில் நீ வரைவது கதவுக் கைப்பிடி, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

உன் அப்பாவைச் சொல்ல வேண்டும். டிக்கெட் கவுன்டரில் ஆயுசைக் கழித்த மனுஷர், ஸ்டெப்னி எங்கே இருக்கிறது என்று இன்றைக்கும் என்னைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்வார். அவரும், பக்கத்துத் தெரு வெல்டிங்காரர் 'பொறி'யும் சேர்ந்து பட்டை ஸ்பிரிங்கை அறுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு, நீ போனில் அளவு சொல்லச் சொல்ல பத்த வைத்திருக்கிறார்கள். நான் திரும்பி வந்த அன்று வண்டியின் பின்பக்கம் நிற்கிற நிற்பே வேறாக இருந்தது. என்னங்க இது, பின்னால் உசந்த மாதிரி இருக்கே என்று கேட்டேன். அதற்கு அவர் "கழுவி விட்டேன், அதான் அப்படித் தெரியுது" என்றார். முகத்தைப் பார்த்தே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பயணக் களைப்பு, விட்டுவிட்டேன். சாயங்காலம் நீ போன் பண்ணி ஆச்சரியத்தை உடைப்பதாக ஏற்பாடாம், அதுவரை அவர் வாயைத் திறக்கக் கூடாதாம். நீ போன் பண்ணவில்லை. ஏதோ மீட்டிங்காம்.

மறுநாள் காலையில் அக்காவின் ஸ்கூட்டர் கிளம்பவில்லை, என்னை என் கடைக்குக் கொண்டுபோய் விடம்மா என்றாள். பக்கத்தில் உட்கார வைத்துக் கிளம்பினேன். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி, அந்த உச்சியில் இருக்கிற வேகத்தடையை எப்போதும் போகிற வேகத்தில் தாண்டினேன். வண்டி அலுங்காமல் தாண்டியது, எனக்கே அதிசயமாக இருந்தது. அடுத்த நிமிஷம் இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கிறேன், பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. இந்தக் காலத்து வண்டி மாதிரி முன்னுக்கு ஒன்று பின்னுக்கு ஒன்று என்று அதில் பிரேக் எண்ணெய்க்கு இரண்டு லைன் கிடையாது, எங்கே ஒழுகினாலும் நாலு சக்கரத்துக்கும் பிரேக் போச்சு. கீழே வளைவு, வளைவுக்கு அப்பால் பள்ளிக்கூட வாசல், பிள்ளைகள் இறங்குகிற நேரம். கியரைக் குறைத்தேன், எஞ்சின் அலறியது, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தேன், டயரை நடைபாதை ஓரத்தில் தேய்த்துக்கொண்டே போனேன். அக்கா கத்தவில்லை. "அம்மா, எடது பக்கம் மணல்" என்று மட்டும் சொன்னாள். கட்டுகிற வீட்டின் முன்னால் கொட்டியிருந்த மணலில் கொண்டுபோய்ச் செருகினேன். முன் சீட்டுக்கு பெல்ட் போட வைத்தவள் நான், அதனால் தலை தப்பியது. ஆனால் அவள் கையை முன்னால் ஊன்றிவிட்டாள். மணிக்கட்டு முறிந்த சத்தத்தை நான் கேட்டேன்.

என்ன நடந்ததென்று ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உன் அப்பா மென்று முழுங்கிச் சொன்னார். புது ஸ்பிரிங்கில் சக்கரம் முன்னைவிட ரொம்பக் கீழே தொங்கும், பிரேக் எண்ணெய் போகிற பழைய ரப்பர் ஹோஸ் அதற்குக் குட்டை. வேகத்தடையில் வண்டி எழும்பியபோது இழுத்துப் பிய்ந்துவிட்டது. இது உனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தே "நீள ஹோஸ் அடுத்த பார்சல்ல வருதுப்பா, அதுவரைக்கும் மெதுவா ஓட்டினா போதும், அம்மாகிட்ட சொல்லிடாதே, பயந்துடுவா" என்று சொல்லியிருக்கிறாய். ஓட்டுகிறவளிடம் சொல்லாமல் யார் மெதுவாக ஓட்டுவது? பயந்து நடுங்கி அழுதவர்களையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து லாரிகளுக்கு நடுவே ஓட்ட வைத்தவளடா நான். நானா பயப்படுவேன்? இதைவிட ஒன்று இருக்கிறது. அன்று மதியம் நீ போன் பண்ணியபோது, மணலில் மோதிவிட்டோம், ஆஸ்பத்திரியில் இருக்கிறோம் என்று நான் சொன்னதும் நீ கேட்ட முதல் வார்த்தை "ஸ்பிரிங் தாங்குச்சா?" உன் அக்கா பக்கத்தில்தான் படுத்திருந்தாள். அவள் காதில் விழுந்தது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பதற்றத்தில் வாய் தவறிவிட்டது என்று பிறகு நீ அழுததெல்லாம் அப்பா சொன்னார். இருக்கட்டும். முதலில் வந்த வார்த்தைக்கு நான் என்ன செய்ய?

அவள் பிழைப்பு கத்தரி பிடிக்கிற பிழைப்பு என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? முடிவெட்டும் கடையை மூடாமல் இருக்க, வேலைக்கு ஒரு பெண்ணை வைத்து, இவள் நாற்காலியில் உட்கார்ந்து வாயால் வெட்டிக்கொண்டிருக்கிறாள். தலை கழுவிவிட ஆள் இல்லை. உன் அப்பா போய் நிற்கிறார். நான் சொல்லவில்லை, அவராகவே போனார். வருகிற பெண்கள் முதலில் திடுக்கிட்டார்கள், இப்போது "பெரியவர் கையால கழுவினா தூக்கமே வருது" என்கிறார்களாம். அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் எதிரில் சிரிக்கவில்லை.

பொறி ஒளிந்து ஒளிந்து திரிந்தார். நானே போய்க் கூட்டிவந்து வண்டிக்கு அடியில் என்னோடு படுக்க வைத்தேன். "மேடம், உங்க பையன் சொன்ன அளவு, நான் பத்த வெச்சதோட சரி" என்றார். ஒவ்வொரு பற்றவைப்பையும் விளக்கு பிடித்துப் பார்த்தேன், சுத்தியால் தட்டிப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை, அதற்கும் கோபம்தான் வந்தது. நீள ஹோஸை இங்கேயே தேடி வாங்கி மாட்டினேன். ஆக்சில் அளவுக்கு மேல் தொங்காதபடி இரண்டு பக்கமும் தடித்த பட்டை வார் போட்டுக் கட்டினேன். அது உன் வரைபடத்தில் இல்லை. இனிமேல் சேர்த்துக்கொள்.

நேற்று அதே மேட்டுக்கு எடுத்துப்போனேன். தனியாகத்தான் கிளம்பினேன், கட்டுப் போட்ட கையோடு உன் அக்கா வந்து முன் சீட்டில் ஏறிக்கொண்டாள், இறங்கு என்றால் இறங்கவில்லை. அதே வேகத்தடை, அதே இறக்கம், பிரேக் கல் மாதிரி நின்றது. அப்புறம் குண்டும் குழியுமான குவாரி ரோட்டில் விட்டேன். இத்தனை வருஷமாக என் இடுப்பை ஒடித்த ரோடு. வண்டி தண்ணீரில் படகு போகிற மாதிரி போனது. அக்கா "நல்லாத்தாம்மா பண்ணியிருக்கான்" என்றாள். நான் ஓரமாக நிறுத்திவிட்டேன், ரோடு கண்ணுக்குத் தெரியவில்லை. இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாம் இரண்டு பேரும் சேர்ந்து செய்திருப்போமே. பார்சலை நான் பிரித்திருப்பேன், நீ போனில் சொல்லியிருப்பாய், நான் சண்டை போட்டிருப்பேன், எத்தனை நாள் அப்படிப் பேசியிருக்கலாம். அதை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டாய், என் கோபம் முழுக்க அதுதான்.

வேளைக்குச் சாப்பிடு, கண் விழிக்காதே. நீ நல்லாயிருக்க வேண்டும், உன் கைவேலை நாலு பேருக்கு உதவ வேண்டும், என் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, கோபத்திலும் உண்டு. எனக்குப் பதில் எழுத அவசரமில்லை. முதலில் அக்காவுக்குப் போன் பண்ணு, அவள் பேசுகிறவரை நீ பேசாதே.

இன்னும் கோபம் தீராத,
உன் அம்மா