இரண்டாவது வரி உன்னுடையது

காலை ஷிப்டில் எல்லோருக்கும் புது இயர் பிளக் கொடுத்தார்கள். அதே ஆரஞ்சு நிறப் பஞ்சுதான். உருட்டிக் காதுக்குள் திணித்ததும் பிரஸ் மெஷின்கள் எல்லாம் எங்கோ தூரத்துக்குப் போய்விட, சுவருக்குப் பின்னாலிருக்கும் கம்ப்ரஸரின் உறுமல் மட்டும் எலும்பு வழியாக ஏறி வந்தது. இதற்கு மேல் உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றிவிட்டது. மதியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுதுகிறேன். பாஸாகிவிட்டேனடி. நாம் இருவரும் சேர்ந்து கோட்டை விட்ட அதே இசைத் தேர்வில்.

இந்தக் கம்ப்ரஸர்தானே அன்று நம்மைக் கவிழ்த்தது. உதிரி பாகங்களைச் சோதிக்கும் மேஜையில் எதிரெதிரே நின்றுகொண்டு, காதை அடைத்துக்கொண்டு, அந்த உறுமலையே ஷட்ஜமாக, அதாவது ஆதார ஸ-வாக வைத்து ஸ்வரங்களை முணுமுணுப்போம். "காத அட்ச்சிக்கினு பாடினா கச்சேரி மண்டைக்குள்ளயே நடக்குதுடி" என்பாய். ஷிப்டு முழுக்கச் சுருதி போடும் கம்பெனி வேறு யாருக்கு வாய்க்கும் என்று நமக்குப் பெருமை வேறு. திருவொற்றியூர் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் மற்றவர்கள் செல்போன் தம்புராவை மாற்றி மாற்றி வைத்துப் பழகிக்கொண்டிருந்தார்கள். நாம் அதைச் சட்டை செய்யவில்லை.

முதல் தடவை தேர்வுக்குப் போனபோது, தேர்வாளர் அம்மா தம்புராவை வேறு சுருதியில் வைத்து, வீணையில் மூன்று ஸ்வரங்களை மீட்டி என்னவென்று கேட்டார். ஸ, ரி, க. நான் ம, ப, த என்றேன். எனக்குப் பிறகு தனியாக உள்ளே போன நீயும் ம, ப, த. தம்புரா எங்கே நின்றாலும் நம் காது கம்ப்ரஸரை விட்டு இறங்கவே இல்லை. "தப்பு பண்றதுலகூட இவ்ளோ ஒத்துமையா?" என்று அவர் கேட்டாராம். நீ வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். எனக்கு அழுகை முட்டியது. மிச்சமிருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போனால் வகுப்பிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்கள். நாற்பதைத் தொடப்போகிற வயதில் வீட்டில் மல்லுக்கட்டிச் சேர்ந்த வகுப்பு அது.

மறு வாரமே அதற்கு மருந்து கண்டுபிடித்தாய். நான் கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி ஜன்னலோரம் இடம் பிடித்து வருவேன். நீ பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் வந்து பொன்னேரியில் ஏறுவாய். "ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஸ மாறணும். எது மொதல்ல கேக்குதோ அத்தப் புடி" என்றாய். ஹாரன், சுண்டல்காரர் குரல், மீஞ்சூரில் அழுத குழந்தை, எது கிடைத்தாலும் அதுதான் ஷட்ஜம். முன்பின் பார்த்திராத ஸ்வரத்தாளை மடியில் விரித்து, தாளம் போட்டபடி பார்த்ததும் பாட வேண்டும். முதல் வரி எனக்கு, இரண்டாவது உனக்கு, மூன்றாவது எனக்கு, நான்காவது உனக்கு. நீ முதலில் பாடினால் நான் உன் குரலைப் பிடித்துத் தொங்கிக்கொள்வேன் என்று உனக்குத் தெரியும். "நீ ஆரம்பி. எதுனா ஆச்சின்னா நான் புட்ச்சிக்கிறேன்" என்பாய். எதிர் சீட்டுக்காரர் ஒருவர், "இன்னாமா, கச்சேரியா?" என்று கேட்டதற்கு, "ஆமாண்ணா, டிக்கெட் வாங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு, தாளம் விடாமல் உன் வரியைப் பிடித்தாயே, நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. போகப் போக, வாய் திறக்குமுன்பே தாளிலிருந்த ஸ்வரங்கள் எனக்குக் காதில் கேட்கத் தொடங்கின. நீ பாடுவதற்கு முன்பே உன் வரியும் கேட்டது. அந்த ஞாயிறுகளில் இருந்த அளவுக்குச் சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை.

மழைக்காலத்தில் காய்ச்சல் என்று பெரியாஸ்பத்திரிக்குப் போனாய். அவ்வளவுதான். அதன் பிறகு பொன்னேரியில் ரயில் நின்றால் நான் பிளாட்பாரத்தைப் பார்ப்பதில்லை. உன் மேல் கோபம்கூட வந்தது. தேர்வே வேண்டாம் என்று இருந்தேன். அப்படி இருந்ததற்கு நீ என்ன திட்டுத் திட்டுவாய் என்று யோசித்துப் பார்த்துதான் கிளம்பினேன்.

போன ஞாயிறு அதே அம்மாதான் இருந்தார். வீணையில் அவர் மீட்ட ஸ்வரங்களை ஒன்றுகூடத் தப்பாமல் சொன்னேன். பிறகு நான்கு வரி எழுதிய தாளை நீட்டினார். முதல் வரியை நன்றாகவே பாடினேன். அப்புறம் என்ன செய்தேன் தெரியுமா? வாயை மூடிக்கொண்டு தாளம் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன். ஓர் ஆவர்த்தனம், அதாவது உன் வரிக்கான தாளச் சுற்று, முடிந்ததும் சரியாக மூன்றாவது வரியை எடுத்தேன். சுருதியும் விலகவில்லை, இடமும் தவறவில்லை. அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"ரெண்டாவது வரி எங்கம்மா?"

அப்போதுதான் எனக்கே உறைத்தது. "அது என் ஃபிரெண்டு வரி மேடம். ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பாடிக்கினு வருவோம். அவ இப்ப இல்ல."

அவருக்கு உன்னை ஞாபகம் இருந்தது. "பாடாமயே அந்த வரி உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சி மேடம். அவ குரல்லதான்."

"அப்ப மறுபடி மொதல்லேருந்து வாங்க. இந்த வாட்டி அவங்க வரியையும் நீங்களே பாடணும்."

பாடினேன். உன் வரியில் ஒரு நிஷாத ஸ்வரம் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் விழவில்லை. உன் நான்காவது வரியில் அந்த நடுக்கமும் இல்லை. "பாஸ்" என்று அவர் சொன்னதும் அந்த வராந்தாவில் ஓடினேன் என்றால் நம்புவாயா? இந்த உடம்பை வைத்துக்கொண்டு ஓடினேன்.

அடுத்த நிலைக்கான பாடங்கள் வந்துவிட்டன. தாள்கள் இன்னும் நீளம், இன்னும் கடினம், பார்க்கவே ஆசையாக இருக்கிறது. இப்போது எல்லா வரிகளையும் நானேதான் பாடுகிறேன். முதல் வரி முடிந்ததும் மட்டும் ஒரு மூச்சு காத்திருக்கிறேன், தாளம் தவறாத அளவுக்கு.