தண்ணீர் சேர்க்காத பதினான்கு வண்டிகள்

வடக்குப்பட்டு,
ஜனவரி 18, ஞாயிறு.

தம்பி ஜெபர்சனுக்கு அக்கா பெனிட்டா எழுதுவது.

நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. லே ஊரில் பனிமேல் நின்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டி நீ போட்ட ஸ்டேட்டஸைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறாய். ஒன்பது முறை போன் அடித்தேன், எடுக்கவில்லை. அதனால் நாளைக் காலை ஸ்பேர் பார்ட்ஸோடு விமானம் ஏறும் நம் கம்பெனிப் பகலவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீ பிரித்துப் படிக்கும்வரை எதிரிலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். அவன் நிற்பான், அவனுக்கும் உன்மேல் கோபம்தான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு எனக்கு என்கொயரி. லடாக் போன பதினான்கு ஆம்புலன்ஸுக்கும் என்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட்டைத் தப்பாகக் கலந்தேனாம், ஷீட்டில் பொய்யாக ஐம்பது சதவீதம் என்று எழுதினேனாம். கடிதத்தோடு நீ எழுதிக் கொடுத்ததன் நகலையும் இணைத்திருக்கிறார்கள். "மிக்ஸிங் ரூம் ஆபரேட்டர் எனக்குத் தெரியாமல் செய்தது." அடப்பாவி. பதினோரு வருஷமாக அந்த அறையில் நிற்கிறேன். ஒரு டிரம்கூட அளக்காமல் ஊற்றியதில்லை. நீ சூப்பர்வைசராக வந்து முழுசாக மூன்று வருஷம் ஆகவில்லை, அதற்குள் உனக்கு நான் யாரோ ஒரு ஆபரேட்டர்.

நவம்பரில் நடந்தது உனக்கு மறந்திருந்தால் சொல்கிறேன். பதினான்கு வண்டியும் லைனில் வந்து நின்ற அன்று, டெலிவரி ஊரைப் பார்த்துவிட்டு என் அறைக்கு ஓடி வந்தாய். "அக்கா, அங்க இன்னா குளுரு கீது தெரியுமா, தண்ணி கலந்தா ஐஸாப் பூடும், சரக்க அப்படியே ஊத்து" என்றாய். கிளைக்கால் சரக்கும் தண்ணீரும் பாதிக்குப் பாதி என்றுதான் சார்ட்டில் இருக்கிறது என்றேன். போன ஏப்ரல் கதையை எடுத்தாய். கொதித்துப் பொங்குகிறது என்று வண்டிகள் திரும்பி வந்தபோது நீதான் கிளைக்காலை நாற்பது சதவீதத்திலிருந்து ஐம்பதாக ஏற்றச் சொன்னாய், பொங்குவது நின்றது, பிளான்ட் ஹெட் எல்லார் முன்னாலும் கை தட்டினார். அந்தக் கைதட்டல் உன் தலைக்கு ஏறிவிட்டது. அதிகம் ஊற்றினால் அதிகம் நல்லது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாய்.

கொதிக்கும் விஷயத்தில் அது சரி, கிளைக்கால் கூடக் கூடத் தாமதமாகத்தான் கொதிக்கும். உறையும் விஷயம் அப்படி இல்லை என்று அன்றைக்கே சொன்னேன். தண்ணீர் உறைய வேண்டுமானால் அதன் துகள்கள் வரிசையாக வந்து சேர வேண்டும், இடையில் கிளைக்கால் புகுந்து சேரவிடாமல் செய்கிறது. கிளைக்காலைச் சேரவிடாமல் செய்வதற்குத் தண்ணீர் வேண்டாமா? தனியாக விட்டால் அது மைனஸ் பதின்மூன்று பக்கத்திலேயே இறுக ஆரம்பித்துவிடும். பாதி தண்ணீர் இருந்தால் மைனஸ் முப்பத்தைந்துக்குக் கீழும் ஓடும். நான் பி.எஸ்.சி. கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வந்தவள். "ஃப்ரிட்ஜ் ஐஸைத் தவிர ஐஸைப் பாக்காதவ நீ, எனக்குச் சொல்றியா" என்று சிரித்தாய். நீ மட்டும் எந்த ஐஸைப் பார்த்தாய்? ஒரகடம் வெயிலில் வளர்ந்தவன்தானே நீயும்.

ஊற்றினேன். ஒரு சொட்டு எடுத்து, எத்தனை சதவீதம் என்று காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தேன், நீலக் கோடு அளவையே தாண்டி மேலே போய்விட்டது. அப்படியே எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, "ஆடிட் வருது, ஐம்பதுன்னு போடு, நான் பாத்துக்கறேன்" என்று வேறு தாளை நீட்டினாய். கையெழுத்துப் போட்டேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் போட்டிருக்கமாட்டேன்.

என் வேலை போவதை விடு. இரண்டாம் தேதி காலை அங்கே ஒரு கிராமத்தில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றியிருக்கிறார்கள். கொஞ்ச தூரம் போனதும் வண்டி நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குள் கூலன்ட் கூழாக இறுகி, சுற்றி வராமல் என்ஜின் காய்ந்து பிடித்துக்கொண்டது. மைனஸ் இருபதில் நாலு மணி நேரம் ரோட்டில் கிடந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது ஆண்டவர் செயல். ரிப்போர்ட்டில் படித்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீயோ அங்கே போய், அக்கா செய்த தப்பைச் சரி செய்ய வந்த பெரிய மனுஷன் மாதிரி படம் போடுகிறாய். உனக்கு வெட்கமே இல்லையா?

அம்மாவிடம் சொன்னேன். "அவன் பர்மனன்ட்ல கீறான், புள்ள குட்டிக்காரன். நீ கான்ட்ராக்ட்தானே, இருங்காட்டுக்கோட்டையில எங்கனா வேலை கெடைக்கும், பெரியவ நீ ஏத்துக்கினா இன்னா" என்கிறார்கள். பொய் ஷீட் எழுதியவள் என்று போட்டு அனுப்பினால் இந்த ரோட்டில் எந்தக் கம்பெனிக்காரன் கேட்டுக்குள் விடுவான்? அம்மா இப்படிச் சொல்ல நீதான் போனில் ஓதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். என் போனை எடுக்கத்தான் உனக்கு நேரமில்லை.

வேலையையாவது ஒழுங்காகச் செய். ரேடியேட்டர் அடியில் மட்டும் திறந்துவிட்டால் பாதிதான் இறங்கும், மீதி என்ஜின் பிளாக்கிலேயே நிற்கும். பிளாக்கில் இருக்கும் போல்ட்டையும் கழற்று. ஹீட்டரைத் திறந்து வைத்து என்ஜினை ஓடவிட்டு, இரண்டாம் முறையும் இறக்கு. உப்பு நீக்கிய டி.எம். தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், குழாய்த் தண்ணீர் கூடாது. பதினான்கு வண்டியிலும் ஒவ்வொன்றாகச் சொட்டு எடுத்துப் பார். ஒன்று சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று எழுதிவிடாதே, அந்தப் புத்தி உனக்கு உண்டு.

வியாழக்கிழமை நான் மறைக்கப் போவதில்லை. ஐம்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது நான்தான், அதற்கு என்ன தண்டனையோ கொடுக்கட்டும். யார் சொல்லி எழுதினாய் என்று அடுத்ததாகக் கேட்பார்கள். சொல்வேன். அக்கா விட்டுக் கொடுக்கமாட்டாள் என்று தைரியமாக உட்கார்ந்திருக்காதே. அந்தப் பெண் ரோட்டில் கிடந்ததைப் படித்த பிறகு யாருக்காகவும் என்னால் பொய் சொல்ல முடியாது. தாள் போய்விட்டது, சாட்சி இல்லை, நம்புவார்களா தெரியாது. ஆனால் அன்றைக்குச் சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு இந்த வீட்டில் நீயும் நானும் ஒரு தட்டில் சாப்பிட முடியாது.

புதன்கிழமை மாலைக்குள் நீயே ஒரு மெயில் அனுப்பிவிடு. நான்தான் சொன்னேன் என்று இரண்டு வரி போதும். எனக்காகக் கேட்கவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன், ஆனால் எனக்காகத்தான் கேட்கிறேன். என் தம்பியை என் வாயால் காட்டிக் கொடுக்க வைத்துவிடாதே, ஜெபா.

ஆண்டவர் உனக்குத் துணையாக இருக்கட்டும். காதை மூடிக்கொண்டு படு.

உன் அக்கா,
பெனிட்டா