வேனுக்கடியில வெச்ச தட்டு

ஏனுங்க,

புது கூலண்ட் டேங்க் வாங்க நீங்க சேலம் பஸ் ஏறினதும் நம்ம ஜிம்மி தள்ளாடித் தள்ளாடி வாந்தி எடுத்துதுங்க. கேரவன் வேன்ல ஒழுகறதைப் பிடிக்க வெச்ச தட்டு சுத்தமாக் காலி. எஞ்சின் சூட்டைத் தணிக்க ஊத்தற அந்தக் கூலண்ட் இனிக்குமாம், ஆனா நாய்க்கு வெசமாம். இங்க அதுக்கு மருந்து இல்லீன்னு மாட்டு டாக்டர் கைவிரிச்சுட்டாரு. உங்க போனும் கிடைக்கலீங்க. எஸ்டேட் ஜீப்புல சேலத்துக்குத் தூக்கிட்டுப் போறேன்.

ரசம் அடுப்பு மேல இருக்குது. வேன் சாவி அலமாரில. அபிஷா ஸ்கூல் விட்டு வந்தா ஒண்ணும் சொல்லிராதீங்க. நேத்து வேனை வித்துத் தொலைங்கன்னு கத்துனதை மனசுல வெச்சுக்காதீங்க. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல.

பிரிஸ்கில்லா

அது ஜிம்மியோட சோத்துத் தட்டுங்க. ஒழுகுது, ஏதாச்சும் குடுன்னு நீங்க கேட்டப்ப, அதை எடுத்துக் குடுத்தது நான்தான்.